கிழவர் தாடிக் கொடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளமட்டிஸ் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது தோட்டத்தில் படரும் பெரிய ஊதாப் பூக்கள்தான். இங்கே பேசப்போவது அதன் காட்டு உறவு. அறிவியல் பெயர் கிளமட்டிஸ் விட்டால்பா. ஐரோப்பாவின் வேலியோரங்களில் தானாக முளைத்து, மரத்தின் தலைவரை ஏறிவிடும் கொடி. ஒரு நாட்டில் பாதையோர அழகு, இன்னொரு நாட்டில் சட்டப்படி விரட்டப்படும் களை. இதன் வகைப்பாட்டையும் பரவலையும் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

முதலில், பார்த்தால் எப்படி இருக்கும்?

இலையுதிர்க்கும் வன்கொடி. இளந்தண்டு பச்சையாக, நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். முதிர்ந்த தண்டு கயிற்றைப் போலத் தடித்து, பட்டை நார்நாராக உரியும். ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கும். ஒவ்வோர் இலையும் சிறகு வடிவக் கூட்டிலை. அதில் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள் இருக்கும். இந்த ஐந்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிதாக உதவும்.

பூ சுமார் 2 செ.மீ. அகலம். பசுமை கலந்த வெண்ணிறம், மெல்லிய மணம். கொத்துக்கொத்தாகப் பூக்கும். ஐரோப்பாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பூக்காலம். கொடிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பூ அல்ல, காய்தான். இலை உதிர்ந்த பிறகும் வெள்ளி நிறப் பஞ்சுருண்டைகள் கொடி முழுக்கத் தொங்கும். பனிக்கால வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் நரைத்த தாடி போலவே இருக்கும்.

பெயர்களுக்கு என்ன பொருள்?

கிளமட்டிஸ் என்பது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கொடியின் இளங்கிளையைக் குறிக்கும் சொல் அது. விட்டால்பா லத்தீன். விட்டிஸ் என்றால் திராட்சைக் கொடி, அல்பா என்றால் வெள்ளை. இரண்டும் ஒட்டி 'வெள்ளைக் கொடி' ஆயிற்று. திராட்சைக்கும் இதற்கும் உறவு எதுவும் கிடையாது. தண்டின் நார்ப்பட்டையும் ஏறும் விதமும் கொஞ்சம் ஒத்துப்போகும், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. 'ஓல்ட் மேன்ஸ் பியர்ட்' என்பது கிழவர் தாடி. 'டிராவலர்ஸ் ஜாய்' என்றால் வழிப்போக்கர் மகிழ்ச்சி. இந்த இரண்டாம் பெயருக்குச் சொந்தக்காரர் ஜான் ஜெரார்ட். 1597இல் வெளிவந்த தம் மூலிகை நூலில், மக்கள் நடந்துபோகும் வழிகளையும் வேலிகளையும் அழகுபடுத்துவதால் இந்தப் பெயரை வைத்ததாக அவரே சொல்கிறார். அதற்கு முன் இதற்கு வியோர்னா என்றொரு பெயர் இருந்தது. அதையும் அவர் 'வழியை அலங்கரிப்பது' என்றுதான் விளக்குகிறார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய பெயர் பின்னாளில் வட அமெரிக்காவின் வேறொரு சிற்றினத்துக்குப் போய்விட்டது. இன்று கிளமட்டிஸ் வியோர்னா என்றால் கிண்ணம் கவிழ்த்தது போலப் பூக்கும் அந்த அமெரிக்கக் கொடிதான்.

'கிழவர் தாடி' என்று வேறு செடிகளையும் சொல்கிறார்களே?

ஆமாம், அதுதான் பொதுப்பெயர்களின் தொல்லை. மரக்கிளைகளில் சாம்பல் பச்சையாகத் தொங்கும் உஸ்னியா என்ற லைக்கனுக்கும் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்) இதே ஆங்கிலப் பெயர் உண்டு. அமெரிக்காவில் கயொனாந்தஸ் என்ற சிறு மரத்தையும் அப்படி அழைப்பார்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வேறு காட்டுக் கிளமட்டிஸ்களுக்கும் காய் இப்படித்தான் நரைக்கும், அதனால் அவற்றுக்கும் இதே பெயர். ஒரு கட்டுரையில் கிழவர் தாடி என்று படித்தால், எந்த நாட்டுக் கட்டுரை என்று முதலில் பாருங்கள். அறிவியல் பெயர் இல்லாத தகவலை நான் நம்புவதில்லை.

எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது?

ரனன்குலேசியே. ரனன்குலேல்ஸ் துறையில் வரும் குடும்பம். அனிமோனி, டெல்ஃபினியம், நஞ்சாகப் பெயர்பெற்ற வத்சநாபி எல்லாம் இதே குடும்பம்தான். அஞ்சறைப் பெட்டிக்காரர்களுக்குப் புரிகிற உறவு வேண்டுமா? கருஞ்சீரகமும் இதில்தான் வருகிறது.

இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை தரையோடு நிற்கும் சிறு செடிகள். தண்டு கட்டையாகி மரமேறும் கொடி என்று பார்த்தால் கிளமட்டிஸ்தான் தனியே நிற்கிறது. உருவத்தை மட்டும் பார்த்தால் அனிமோனியையும் கிளமட்டிசையும் ஒரே குடும்பம் என்று யாருமே சொல்லமாட்டார்கள். பூவைப் பிரித்துப் பார்த்தால்தான் உறவு தெரியும். ஏராளமான மகரந்தத்தாள்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும் பல சூலகங்கள், ஒவ்வொரு சூலகமும் ஒரே விதையுள்ள வெடிக்காத காயாக மாறுவது, இவையெல்லாம் அனிமோனிக்கும் கிளமட்டிசுக்கும் பொது. அதனால் இரண்டையும் குடும்பத்துக்குள்ளேயே ஒரே கிளையில் வைக்கிறார்கள்.

பூவில் நான்கு வெள்ளை அல்லி இதழ்கள் இருக்கின்றனவே?

இல்லை. அவை புல்லி இதழ்கள். விட்டால்பாவின் பூவில் அல்லி இதழே கிடையாது.

இது சும்மா சொல்விளையாட்டு அல்ல, வகைப்பாட்டில் இதற்கு எடை உண்டு. சாதாரணமாக ஒரு பூவில் வெளியே பச்சையாகப் புல்லி வட்டம், உள்ளே நிறமாக அல்லி வட்டம் என்று இரண்டு அடுக்கு இருக்கும். கிளமட்டிசில் ஒரே அடுக்குதான். மொட்டைக் காக்கிற வேலையும் பூச்சியைக் கூப்பிடுகிற வேலையும் அந்த நான்கு புல்லி இதழ்களிடமே இருக்கின்றன. அல்லி இதழ் போன்ற உறுப்பு உள்ளே இருக்கும் சில சிற்றினங்களை, வகைப்பாட்டின் தந்தை எனப்படும் லின்னேயஸ் அட்ராஜீனி என்ற தனிப் பேரினமாகவே வைத்தார். ஆல்ப்ஸில் நீலமாகப் பூக்கும் கிளமட்டிஸ் அல்பினா அப்படி 1753இல் அட்ராஜீனியாக இருந்து, 1768இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஃபிலிப் மில்லர் கையால் கிளமட்டிசுக்குள் வந்தது. உள்ளே இருக்கும் அந்த உறுப்புகள் மகரந்தப்பை இல்லாமல் தட்டையாகிவிட்ட மகரந்தத்தாள்கள் என்று இன்று கொள்கிறோம்.

பூச்செடி பற்றிய பக்கங்களில் 'நான்கு இதழ்' என்று மொட்டையாக எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். எந்த இதழ் என்று சொல்லாவிட்டால், இந்தக் கதை முழுவதும் காணாமல் போய்விடும்.

பேரினத்துக்குள் இதன் இடம் எது?

கிளமட்டிஸ் பேரினத்தில் சுமார் 300 சிற்றினங்கள் இருக்கின்றன. அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் ஏதாவது ஒன்று உண்டு. விட்டால்பாவுக்கு லின்னேயஸ் 1753இல் தம் 'ஸ்பீசிஸ் பிளான்டாரம்' நூலில் பெயர் வைத்தார். பேரினத்துக்கு மாதிரிச் சிற்றினமும் இதுதான். அதாவது, நாளை யாராவது கிளமட்டிஸை நாலாக உடைத்தாலும், விட்டால்பா எந்தத் துண்டில் இருக்கிறதோ அந்தத் துண்டுக்குத்தான் கிளமட்டிஸ் என்ற பெயர் ஒட்டும். அதே காரணத்தால் பேரினத்தின் உட்பிரிவுகளிலும் விட்டால்பா இருக்கும் பிரிவுக்குக் கிளமட்டிஸ் என்ற பெயரே திரும்ப வருகிறது. சிறு வெள்ளைப் பூக்கள், கொத்தாகப் பூப்பது, விரிந்து நிற்கும் புல்லி இதழ்கள் ஆகியவை அந்தப் பிரிவின் பொது அடையாளம்.

உட்பிரிவுகளில் எல்லோரும் ஒத்துப்போவதில்லை. ஜப்பானியரான தமுரா ஒரு முறையை வைத்தார். சீனத் தாவரவியலாளர்கள் வாங் வென்சாயும் லி லியாங்சியனும் 2005இல் இன்னொரு முறையை வெளியிட்டார்கள். டிஎன்ஏ ஆய்வுகள் வந்த பிறகு, உருவத்தை வைத்துப் போட்ட கோடுகளில் பல ஆட்டம் கண்டுவிட்டன. ஒரே மாதிரிப் பூ பல கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்பதுதான் சிக்கல்.

இந்தியாவில் உள்ள காட்டுக் கிளமட்டிசும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல, ஆனால் ஒரு காலத்தில் ஒன்று என்று சொன்னவர் உண்டு. ஜெர்மானியரான ஓட்டோ குன்ட்சே 1885இல் பேரினம் முழுவதையும் பற்றி ஒரு பெரிய ஆய்வு எழுதினார். சிற்றினங்களைச் சேர்த்துக் கட்டுவதில் கை தாராளமானவர். வெள்ளைப் பூவும் சிறகு இலையும் உள்ள பலவற்றை விட்டால்பாவின் துணைச் சிற்றினங்களாகப் போட்டுவிட்டார். இமயமலைப் பகுதியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் கிளமட்டிஸ் கௌரியானாவும் அதில் ஒன்று. இன்று அதைத் தனிச் சிற்றினமாகவே வைக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் நெருங்கிய சொந்தம் போலத்தான் இருக்கும். பூங்கொத்தும் நரைத்த காயும் அப்படியே. இந்தியக் காட்டில் எடுத்த படத்துக்கு விட்டால்பா என்று பெயர் போட்டிருந்தால், பெரும்பாலும் இந்தக் குழப்பம்தான் காரணம்.

நரவேலியாவும் கிளமட்டிஸ்தான் என்கிறார்களே, உண்மையா?

இன்றைய வகைப்பாட்டில் உண்மை. இலங்கையிலும் இந்தியாவிலும் வளரும் இந்தக் கொடியை லின்னேயஸ் அட்ராஜீனியில் வைத்தார். பிறகு அது நரவேலியா என்ற தனிப் பேரினம் ஆயிற்று. அதன் கூட்டிலையில் கீழே இரண்டு சிற்றிலைகள் மட்டுமே இலையாக நிற்கும், நுனிப்பகுதி பற்றுக்கம்பியாக மாறிவிடும். வேறு கிளமட்டிசில் இப்படி இல்லாததால் தனியே வைத்தார்கள். டிஎன்ஏவை ஒப்பிட்டு உறவு மரம் வரைந்து பார்த்தால் அது கிளமட்டிஸின் கிளைகளுக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்தது. அதனால் கிளமட்டிஸ் ஜெய்லானிகா என்ற பெயரை ஏற்கிறார்கள். பழைய நூல்களில் நரவேலியா என்றே இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

பற்றுக்கம்பி இல்லாமல் விட்டால்பா எப்படி ஏறுகிறது?

இலைக்காம்பால். இந்தக் கொடியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

அவரை போலத் தண்டே சுற்றி ஏறுவதில்லை, ஐவி போல ஒட்டு வேரும் இல்லை. இலைக்காம்பு தொடு உணர்வுள்ளது. மெல்லிய குச்சி ஒன்று உரசினால், அந்தப் பக்கமாக வளைந்து ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். சுற்றிய பிறகு தடித்து, கட்டைபோல இறுகிவிடும். இலை உதிர்ந்தாலும் சுற்றிய காம்பு பிடியை விடாது. பழைய கொடிகளில் காய்ந்த காம்புகள் வளையம் வளையமாக மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இதில் ஒரு வரம்பு உண்டு. காம்பு சின்னது, அதனால் மெல்லிய குச்சியைத்தான் பிடிக்க முடியும். பருத்த அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க முடியாது. ஆகவே இந்தக் கொடி மொட்டை மரத்தில் நேரே ஏறுவதில்லை. முதலில் புதர், புதரிலிருந்து தாழ்ந்த கிளை, கிளையிலிருந்து உச்சி என்று படிப்படியாகப் போகும். அல்லது மரம் சிறிதாக இருக்கும்போதே பிடித்துக்கொண்டு, மரத்தோடு கூடவே உயரும். 20 மீட்டர், 30 மீட்டர் உயரத்தில் கொடி தொங்குவதைப் பார்த்தால், அது எப்படி ஏறியது என்பதற்கு இதுதான் விடை. காட்டின் நடுவை விட ஓரத்தில் இது அதிகம் தென்படுவதற்கும் இதே காரணம்தான். புதர் என்ற ஏணியும் வெயிலும் சேர்ந்து கிடைப்பது ஓரத்தில்தான்.

இதன் சொந்த மண் எது?

மத்திய ஐரோப்பாவும் தென் ஐரோப்பாவும், அங்கிருந்து கிழக்கே துருக்கி, காகசஸ் வழியாக மேற்கு ஆசியா வரை. தெற்கே மத்தியதரைக் கடலைத் தாண்டி அல்ஜீரியாவிலும் உண்டு. ஃபிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, பால்கன் நாடுகளில் சாதாரணமாகக் கண்ணில் படும். வடக்கே போகப் போகக் குறையும். நெதர்லாந்தில் சுண்ணாம்பு மண் உள்ள தென்கோடி லிம்பர்க் பகுதி இதன் இயல்பான இடம். அயர்லாந்தில் இருப்பது கொண்டுவரப்பட்டது. ஸ்காட்லாந்திலும் அப்படியே.

பிரிட்டனில் மட்டும் தெற்கே ஏன் குவிந்திருக்கிறது?

மண்ணும் வெப்பமும் சேர்ந்து போட்ட கோடு அது. விட்டால்பாவுக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள மண் பிடிக்கும். இங்கிலாந்தின் தெற்கில் சாக் எனப்படும் மென்மையான வெண்சுண்ணாம்புக் குன்றுகளும் சுண்ணாம்புக்கல் குன்றுகளும் வரிசையாக இருக்கின்றன. நார்த் டவுன்ஸ், சில்டர்ன்ஸ், காட்ஸ்வோல்ட்ஸ் போன்ற இடங்களில் வேலிக்கு வேலி இது படர்ந்திருக்கும். அமில மண் பகுதிக்குள் நுழைந்தால் சட்டென்று காணாமல் போகும். பனிக்காலத்தில் ரயிலில் போகிறவர், வெளியே வெள்ளைப் பஞ்சு தொடங்குவதையும் முடிவதையும் வைத்தே மண் மாறுவதை ஊகித்துவிடலாம். முழு நம்பிக்கையோடு அல்ல. ஏனென்றால் ரயில் பாதையே ஏமாற்றும். பாதைக்குக் கொட்டிய கல்லும் இடிபாட்டுச் சுண்ணமும் இருக்கும் இடத்தில், சுற்றிலும் வேறு மண் இருந்தாலும் இது வேர் பிடித்துவிடும். இயல்பான எல்லைக்கு வடக்கே தோன்றும் கொடிகள் பல, இப்படி மனிதர் போட்ட மண்ணிலும் தோட்டத்திலிருந்து தப்பியும் வளர்பவைதாம்.

நியூசிலாந்துக்கு எப்படிப் போனது, ஏன் அங்கே இவ்வளவு வெறுப்பு?

அழகுச் செடியாகத் தோட்டத்துக்குப் போனது. 20ஆம் நூற்றாண்டில் வேலி தாண்டிக் காட்டுக்குள் பரவியது.

ஐரோப்பாவில் வேலியோரத்தில் அடங்கி நிற்கும் கொடி, அங்கே ஏன் காட்டைக் கொல்கிறது? இதற்கு ஒற்றைக் காரணம் சொல்பவர்களை நம்பாதீர்கள், பல சேர்ந்துதான் வேலை செய்கின்றன. நியூசிலாந்துச் சமவெளிகளில் மிஞ்சியிருக்கும் பழங்காடுகள் சிறுசிறு துண்டுகள். துண்டு சிறிதானால் ஓரம் அதிகம், ஓரம்தான் இந்தக் கொடிக்கு வேண்டியது. அங்குள்ள மரங்கள் பெரும்பாலும் பசுமை மாறாதவை. ஆண்டு முழுதும் ஒளி தேவைப்படும் அந்த மரங்களின் தலைமேல் கொடி போர்வை போல விரிந்தால், கீழே எல்லாம் நலிந்துபோகும். கனம் தாங்காமல் கிளை முறியும். முறிந்த இடத்தில் இன்னும் வெயில் விழும், இன்னும் கொடி வளரும். சொந்த மண்ணில் இதைத் தின்னும் பூச்சிகளும் நோய்களும் கூடவே பயணம் செய்யவில்லை என்பது இன்னொரு காரணம்.

வடதீவின் நடுவில் உள்ள டைஹாபே என்ற ஊரின் காட்டுத்துண்டு இப்படிச் சிதைந்ததுதான் அந்நாட்டில் எச்சரிக்கை மணியாக அமைந்தது. 1980களின் இறுதியில், தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் டேவிட் பெல்லமியை வைத்து 'ஓல்ட் மேன்ஸ் பியர்ட் மஸ்ட் கோ' என்ற விளம்பரமே ஓடியது. கிழவர் தாடி ஒழியவேண்டும் என்பதுதான் பொருள். ஒரு களைக்கு எதிராக ஒரு நாடே ஒரு வாசகத்தை மனப்பாடம் செய்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இப்போது அங்கே இதை விற்பதும் பெருக்குவதும் சட்டப்படி தடை.

நியூசிலாந்தின் சொந்தக் கிளமட்டிசோடு குழம்பாதா?

குழம்பும். களை என்று நினைத்துச் சொந்தச் செடியை வெட்டிவிடும் ஆபத்து உண்மையானது. அங்கேதான் முன்பு சொன்ன ஐந்து கைகொடுக்கும். நாட்டுக் கிளமட்டிஸ்களின் இலையில் மூன்று சிற்றிலைகள், விட்டால்பாவில் ஐந்து. நாட்டுச் செடிகள் பனிக்காலத்திலும் இலையோடு நிற்கும், இது உதிர்த்துவிடும். தண்டைத் தடவினால் விட்டால்பாவில் ஆழமான பள்ள வரிகள் கைக்குத் தட்டுப்படும்.

எண்ணும்போது ஓர் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விட்டால்பாவிலும் பூங்கொத்துக்கு அருகே மூன்றோடு நிற்கும் இலைகள் உண்டு. கொடியின் பல இடங்களில் பாருங்கள். பூக்காலமானால் இன்னும் எளிது. புவாவானங்கா என்று மாவோரி மக்கள் அழைக்கும் கொடியான கிளமட்டிஸ் பனிகுலாட்டா அங்கே வசந்தத்தில் பெரிய தூய வெள்ளைப் பூவாகப் பூக்கும். விட்டால்பா கோடையில்தான் வரும். அதன் பூவும் சிறிது, நிறமும் மங்கல்.

வட அமெரிக்காவிலும் இருக்கிறதா?

இருக்கிறது. பசிபிக் கரையோரத்தில், அதாவது ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் காட்டுக்குள் பரவியிருக்கிறது. ஓரிகனிலும் வாஷிங்டனிலும் தீங்கான களைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். மழையும் மிதமான குளிரும் உள்ள அந்தப் பகுதி ஐரோப்பிய வானிலைக்கு நெருக்கம்.

அங்கே குழப்பம் தருவது மேற்கு அமெரிக்காவின் சொந்தக் கொடியான கிளமட்டிஸ் லிகுஸ்டிசிஃபோலியா. அதற்கும் ஐந்து சிற்றிலைகள் வரும், ஆகவே இலைக் கணக்கு இங்கே செல்லாது. பூவைப் பிரித்துப் பார்க்கவேண்டும். அந்த அமெரிக்கக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு கொடிகளில் இருக்கும். விட்டால்பாவில் ஒரே பூவில் மகரந்தத்தாளும் சூலகமும் சேர்ந்திருக்கும். கிழக்கு அமெரிக்காவின் கிளமட்டிஸ் வர்ஜினியானாவும் ஆண், பெண் பிரிந்ததுதான், அதற்கு மூன்று சிற்றிலைகள்.

ஐரோப்பாவிலேயே இதோடு குழம்பக்கூடியவை எவை?

கிளமட்டிஸ் ஃபிளாமுலாதான் முக்கியம். மத்தியதரைக் கரையோரக் கொடி, பூ இன்னும் வெள்ளை, மணம் தூக்கலாக இருக்கும். அதன் இலை இரண்டு முறை பிரிந்து, சிற்றிலைகள் சின்னதாகவும் பெரும்பாலும் பல் இல்லாமலும் இருக்கும். கிளமட்டிஸ் விட்டிசெல்லா ஊதாப் பூ, காயில் தாடியும் வராது. கிளமட்டிஸ் சிரோசா பசுமை மாறாதது, குளிர்காலத்தில் பூக்கும். இந்த இரண்டையும் யாரும் விட்டால்பாவோடு குழப்பிக்கொள்ளமாட்டார்கள்.

அந்தத் தாடி என்பது உண்மையில் என்ன?

சூல்தண்டு. பூ மலர்ந்திருக்கும்போது அது கண்ணுக்கே தெரியாத சின்ன காம்பு. கருவுற்ற பிறகு உதிராமல் நீண்டு, இருபுறமும் பட்டுப்போன்ற முடி முளைத்து, 3 அல்லது 4 செ.மீ. வால் ஆகிவிடும். ஒரு பூவில் பல சூலகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வால். எல்லாம் சேர்ந்தால் பஞ்சுருண்டை.

வால் இருப்பதால் காய் காற்றில் போகும். ஆற்றங்கரைக் கொடியானால் நீரிலும் மிதந்து போகும். ஒரே நாளில் எல்லாம் உதிர்ந்துவிடாது, பனிக்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். வெவ்வேறு காற்று, வெவ்வேறு திசை. குளிர் பட்ட விதை வசந்தத்தில் நன்றாக முளைக்கும். அப்புறம், விதை மட்டும்தான் வழி என்று நினைக்கவேண்டாம். தரையில் படும் தண்டு கணுவில் வேர்விடும். வெட்டிப்போட்ட துண்டும் ஈரத்தில் பிழைத்துக்கொள்ளும். தோட்டக் கழிவைக் காட்டோரத்தில் கொட்டும் பழக்கம் இந்தக் கொடிக்குச் செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல.

நஞ்சா?

பச்சையாக இருக்கும்போது, ஆமாம். ரனன்குலேசியே குடும்பத்தில் பலவற்றுக்கும் இருக்கும் அதே தற்காப்பு. இலை நசுங்கினால் உள்ளே இருக்கும் ரனன்குலின் என்ற பொருள் உடைந்து புரோட்டோஅனிமோனின் ஆகிறது. அது தோலில் பட்டால் எரிச்சல், சிலருக்குக் கொப்புளம். வாயில் போட்டால் வாயும் தொண்டையும் எரியும். காய்ந்தபின் அது வீரியம் குறைந்த வேறு பொருளாக மாறிவிடும்.

ஃபிரெஞ்சில் இதற்கு 'எர்ப் ஓ க்யூ' என்று பெயர், பிச்சைக்காரர் செடி என்று பொருள். பரிதாபத்தைக் கூட்டுவதற்காக அந்தக் காலப் பிச்சைக்காரர்கள் இந்த இலைச்சாற்றைத் தேய்த்துப் புண் வரவழைத்துக்கொண்டார்களாம். இத்தாலியில் இளங்குருத்தை வேகவைத்துச் சாப்பிடும் வழக்கம் உண்டு. படித்துவிட்டு முயன்று பார்க்கும் விஷயம் அல்ல அது.

வேறு பயன் ஏதும்?

தண்டு வளையும், நார் உறுதி. கூடை முடையவும் கட்டுக் கட்டவும் பயன்பட்டது. காய்ந்த தண்டில் நுண்ணிய துளைகள் நீளவாக்கில் ஓடுவதால், இங்கிலாந்துச் சிறுவர்கள் அதைப் பற்றவைத்துப் புகைப்பார்கள். அதனால் 'ஸ்மோக்வுட்' என்றொரு பெயரும் உண்டு.

சொந்த மண்ணில் பூச்சிகளுக்கு இது வீடு. ஹோரிஸ்மே விட்டால்பாட்டா என்ற அந்துப்பூச்சியின் பெயரிலேயே இந்தக் கொடி இருக்கிறது, அதன் புழு தின்பது இதைத்தான். ஹெமிஸ்டோலா கிரைசோப்ரசாரியா என்ற இளம்பச்சை அந்துப்பூச்சியும் இதை நம்பியிருக்கிறது. கொடியை வெட்டி வேலியைச் சுத்தம் செய்தால் பூச்சிகளும் போய்விடும். நியூசிலாந்தில் இதை அழிக்கப் பணம் செலவழிப்பதும், இங்கிலாந்தில் இதை விட்டுவைக்கச் சொல்வதும் ஒரே நேரத்தில் சரிதான்.

அழிக்க வேண்டிய நாட்டில் எப்படி அழிக்கிறார்கள்?

நாற்றானால் கையால் பிடுங்கலாம். முதிர்ந்த கொடியைத் தரையோடு ஒட்டி வெட்டி, உடனே அடிக்கட்டையில் களைக்கொல்லி பூசுவார்கள். பூசாவிட்டால் மறுபடி துளிர்க்கும். மேலே தொங்குவதை இழுக்கமாட்டார்கள், மரக்கிளையும் சேர்ந்து முறியும். அப்படியே விட்டால் காய்ந்து உதிர்ந்துவிடும். மேய்ச்சல் நிலத்தில் ஆடுமாடுகள் நாற்றைத் தின்றுவிடுவதால் அங்கே அவ்வளவு தொல்லை இல்லை.

ஐரோப்பாவிலிருந்து எதிரிகளை வரவழைத்தும் பார்த்தார்கள். இலைக்குள் சுரங்கம் போடும் ஃபைட்டோமைசா விட்டால்பே என்ற ஈயை 1996இல் நியூசிலாந்தில் விட்டார்கள். ஈ நாடு முழுக்கப் பரவியது, கொடியோ பெரிதாக அசரவில்லை. பூஞ்சை ஒன்றும் ரம்ப ஈ ஒன்றும்கூட முயன்று பார்க்கப்பட்டன. இதுவரை வெட்டுக்கத்திக்கு ஈடாக எதுவும் வரவில்லை.

தோட்டக் கிளமட்டிஸ்களில் இதன் இரத்தம் உண்டா?

சிலவற்றில் உண்டு. 'பால் ஃபார்ஜஸ்' என்ற வெள்ளைப் பூ ரகம், விட்டால்பாவையும் சீனாவின் கிளமட்டிஸ் பொட்டானினியையும் கலந்தது. ஜூயினியானா கலப்பினத்துக்கும் ஒரு பெற்றோர் இதுதான். முன்பு பெரிய பூ ரகங்களை ஒட்டுக்கட்ட விட்டால்பா வேர்ச்செடியாகவும் பயன்பட்டது. மேலே ஒட்டு பட்டுப்போய், கீழிருந்து வேர்ச்செடி தளிர்த்தால், ஊதாப் பூவை எதிர்பார்த்தவருக்குத் தாடிதான் கிடைக்கும்.

நான் இருக்கும் இடத்தில் வளர்க்கலாமா?

முதலில் உங்கள் நாட்டுக் களைப் பட்டியலைப் பாருங்கள். அதில் இருந்தால் பேச்சே இல்லை. சொந்த மண்ணுக்குள் இருக்கிறீர்களானால், பெரிய வேலியும் வெட்டக் கையும் இருந்தால் சரி. சின்னத் தோட்டத்துக்கு இது அடங்காது, பக்கத்து வீட்டு மரத்துக்கும் போய்விடும். அடையாளம் சரிபார்க்கப் படம் எடுக்கிறவர்கள் முழு இலை ஒன்று, இலைக்காம்பு குச்சியைச் சுற்றும் இடம், பூவின் உட்பக்கம் ஆகிய மூன்றையும் எடுங்கள். தூரத்திலிருந்து எடுத்த வெள்ளைப் பஞ்சுப் படம் அழகாக இருக்கும், ஆனால் அதை வைத்து எந்தச் சிற்றினம் என்று சொல்ல முடியாது.